வருகுதோ, இல்லையோ?

என்னோடு வேலை செய்த அந்த அக்காவின் கார் ஜேர்மனியிலிருந்து அவரோடு வந்தது. அதனால் ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. லண்டனில் எல்லாரும் வலப்பக்கம் இருந்து ஓட்ட, அவர் மட்டும் நடைபாதைப் பக்கம் இருந்து ஓட்டுவார். சாரதி இருக்க வேண்டிய இடத்தில் வெறுங்கையோடு நான் இருப்பேன். சிக்னலில் நிற்கும்போது பக்கத்துக் காரில் இருக்கும் சின்னப் பிள்ளைகள் என்னைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். ஒருநாள் அவர்களுக்கு வேடிக்கை காட்ட நான் பேப்பரை விரித்து வாசிக்கிற மாதிரி நடித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"தம்பி, றோட்டைப் பார். உன்ரை வேலை பேப்பர் வாசிக்கிறதில்லை."

என் வேலை வேறு. நாங்கள் இரண்டு பேரும் நோர்பரியில் இருந்து விடியவே வெளிக்கிட்டு, ஒன்றேகால் மணித்தியாலம் ஓடி, ஒரு கிராமத்துப் பெற்றோல் நிலையத்துக்கு வேலைக்குப் போவோம். லண்டன் முடிந்து வயல் தொடங்கியதும் பாதை ஒடுங்கிவிடும். முன்னால் ஒரு ட்ராக்டர் போனால், இடப்பக்கம் இருக்கும் அக்காவுக்கு எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. வலப்பக்கம் இருக்கும் எனக்குத்தான் தெரியும். அவர் கேட்பார், "வருகுதோ, இல்லையோ?" நான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதை நம்பித்தான் அவர் முந்துவார்.

முதல் கிழமையே நான் பிழை விட்டேன். தூரத்தில் ஒரு வெள்ளை வான் பொட்டாகத் தெரிந்தது. "பரவாயில்லை அக்கா, எடுக்கலாம்" என்றேன். அவர் எடுக்கவில்லை. அடுத்த வளைவில் காரை ஓரம்கட்டி, எஞ்சினையும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நான் பரவாயில்லையோ எண்டு கேட்கேல்லை. வருகுதோ இல்லையோ எண்டு கேட்டனான். இந்தக் காரிலை உன்ரை கண்தான் என்ரை கண். வருகுது எண்டால் வருகுது. இல்லை எண்டால் இல்லை. பரவாயில்லை எண்டு ஒரு வாகனம் றோட்டிலை ஓடுறேல்லை."

பிள்ளைகளே, இதை நான் இப்போது எழுதுவதற்குக் காரணம் போன கிழமை நடந்ததுதான். உங்கள் அம்மாவின் ஆஸ்பத்திரித் தவணையை மூன்றாம் தரமாகத் தள்ளிப்போட்டு போன் வந்தது. மூத்தவள் எடுத்தாள். "இட்ஸ் ஃபைன், நோ வொறிஸ்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். நான் வீடு அதிரக் கத்தினேன். "அப்பாவுக்கு விசர்" என்று நீங்கள் இருவரும் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். விசர்தான். அது எங்கே பிடித்தது என்று சொல்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். இங்கே எழுதப்போவதில் பொய் இல்லை.

இது 2009இல் நடந்தது. மூத்தவளுக்கு அப்போது மூன்று வயது, இளையவன் பிறக்கவில்லை.

அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். பதினெட்டு வருடம் ஜேர்மனியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கியவர். மெலிந்த ஆள், கட்டை முடி. மழையோ வெயிலோ ஒரு நீலக் கோட்டு. மத்தியானம் கறுப்புப் பாணுக்குள் சம்பல் வைத்துச் சாப்பிடுவார். அவர் வாயில் இருந்து 'பரவாயில்லை' என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. யாராவது அவருடைய காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டால்கூட, "நொந்தது. இனிப் பார்த்து நடவுங்கோ" என்பார்.

ஹரோவில் ஒரு பெண் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்குப் போயிருந்தோம். பெண்ணின் தகப்பன் மேசை மேசையாக வந்து, "சாப்பாடு எப்பிடி, சாப்பாடு எப்பிடி?" என்று கேட்டார். எல்லாரும் "நல்லம், நல்லம்" என்றார்கள். நானும் சொன்னேன். அக்கா கையை இலைக்கு மேலே நிறுத்திவிட்டு, "கத்தரிக்காய்க் குழம்பு நல்லம். சோறு வேகேல்லை. பின்னுக்கு வாற சட்டியையாவது பார்க்கச் சொல்லுங்கோ" என்றார்.

தகப்பனுடைய முகம் கறுத்தது. ஆனால் அவர் சமையலறைக்குப் போனார். அடுத்த பந்திக்குப் பூப்போல வெந்த சோறு வந்தது. எங்களுக்கும் மறுசோறு அதில்தான் போட்டார்கள்.

எதிரே இருந்த ஒரு மனிசி, "உவ எங்கை போனாலும் உப்பிடித்தான். நல்லநாள் பெருநாள் தெரியாது" என்று முணுமுணுத்தார். வெந்த சோற்றைத் தின்றுகொண்டேதான் அக்காவைத் திட்டினார்கள். எங்கள் சனத்தை நினைத்தால் எனக்கு அந்தச் சோற்று இலைதான் ஞாபகம் வரும்.

அதனால்தான் அவர் ஒருநாள், "தேத்தண்ணி நல்லம் தம்பி" என்று சொன்னபோது, அன்றைக்கு முழுக்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அவர் சொன்னால் அது உண்மை.

அந்தப் பெற்றோல் நிலையம் வயலுக்கு நடுவே இருந்தது. நான்கு பம்பு, ஒரு சின்னக் கடை, காற்றடிக்கிற மெஷின். கிராமத்துச் சனம் நல்ல சனம். ஆனால் ஒரு சிவப்புப் பிக்கப்பில் மூன்று பேர் வருவார்கள். பம்பை மறித்து நிறுத்திவிட்டு நாய் மாதிரிக் குரைப்பார்கள். காற்று மெஷினில் ஒன்றுக்குப் போவார்கள். கடைக்குள் முட்டை எறிவார்கள். நான் வாளியும் துடைப்பமும் எடுத்துக் கழுவுவேன். அக்கா போனை எடுத்துப் பொலிஸைக் கூப்பிடுவார். பிறகு ஒரு சிவப்பு மட்டைக் கொப்பியில் எழுதுவார். கூப்பிட்டது இத்தனை மணி, வந்தது இத்தனை மணி. வராவிட்டால், வரவில்லை.

"ஏன் அக்கா வீண் வேலை? அவங்கள் வரமாட்டாங்கள்" என்பேன்.

"வராட்டில் வரேல்லை எண்டு எழுத ஒரு ஆள் வேணும்."

பொலிஸ் நிலையம் அடுத்த பட்டினத்தில் இருந்தது. அந்தக் கவுன்டி, அதாவது அந்த மாவட்டம், முழுக்க வயலும் காடும், பொலிஸ் கொஞ்சம் என்று எல்லாரும் சமாதானம் சொன்னார்கள். எங்கள் முதலாளியும் அதையே சொன்னார். "நாலு நாளைக்குக் குரைப்பாங்கள், பிறகு விட்டிடுவாங்கள். பெரிசாக்காதேங்கோ." அவருக்குக் குரைப்புக் கேட்காது. அவர் வீடு லண்டனில், ஹரோவில்.

மாசி மாதம் ஒரு பகல். நான் பம்படியில் உப்புத் தூவிக்கொண்டு நின்றேன். உறைபனி. பிக்கப் மெதுவாக வந்தது. ஜன்னலால் ஒருவன் நிறை பியர் டின் ஒன்றை எறிந்தான். அது என் வலப்பக்கக் காதுக்கு மேலே பட்டது. பிள்ளைகளே, அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்துக் கேட்டபோதெல்லாம் ஏணியால் விழுந்தேன் என்று சொன்னேன். நான் ஏணியால் விழவில்லை. அந்தப் பொய்யையும் இதோடு முடிக்கிறேன்.

நான்கு தையல். அக்கா பொலிஸைக் கூப்பிட்டார். அன்றைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் ஒரு பொலிஸ்காரன் வந்தான். நல்ல உயரம், சிரித்த முகம். வெளியே காரின் எஞ்சினை நிறுத்தவும் இல்லை.

"இப்போது சுகம்தானே?" என்று கேட்டான்.

நான் எழுந்து நின்றேன். "யெஸ் சேர். நோ ப்ராப்ளம் சேர். தேங்க் யூ" என்றேன்.

ஒரு தாளில் எழுதினான். கையெழுத்துக் கேட்டான். போட்டேன். வாசிக்கவில்லை. அவன் போன பிறகு அக்கா குளிரூட்டி அறையில் இருந்து பால் கிரேட்டோடு ஓடி வந்தார்.

"என்ன சொன்னனீ?"

"ஒண்டும் இல்லை அக்கா. சுகமோ எண்டு கேட்டவன். ஓம் எண்டனான்."

"என்னத்துக்குக் கையெழுத்து வைச்சனீ?"

எனக்குத் தெரியாது. அவன் விட்டுப்போன பிரதியை அவர் வாசித்தார். காயப்பட்டவர் மேற்கொண்டு எந்த நடவடிக்கையும் விரும்பவில்லை என்று அதில் இருந்தது. அக்கா அதை மேசையில் வைத்து, என் பக்கம் திருப்பி, ஒரு விரலால் அந்த வரியைத் தட்டினார்.

"இப்ப இந்தக் கேஸ் முடிஞ்சுது. அவங்கடை கணக்கிலை நீ ஒரு நல்ல புள்ளி. மண்டையிலை நாலு தையலோடை ஒரு நல்ல புள்ளி."

"பரவாயில்லை அக்கா..."

"வாயை மூடு!"

அவர் என்னைப் பார்த்துக் கத்தியது அந்த ஒரு தரம்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்பீர்கள். ஊரில் காவலரணில் சீருடைக்காரன், "ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டால், அதற்கு ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதிலைச் சரியாகச் சொன்னவன் வீட்டுக்குப் போனான். அது மூளையில் இல்லை, நாக்கிலேயே ஊறியிருந்தது. இங்கே நிரந்தர விசாவுக்குக் கொடுத்த கடதாசியும் அப்போது உள்துறையில் கிடந்தது. பொலிஸோடு ஒரு சொல் கூடக் குறையப் பேசினால் அது அங்கே போய்ச் சேரும் என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். யார் சொன்னது என்று யோசித்தால், ஒருவரும் இல்லை. நானே சொல்லிக்கொண்டது.

கேஸ் முடிந்ததால் பிக்கப் திரும்பி வந்தது. அவர்களை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏன் வரமாட்டார்கள்? சித்திரை மாதத்தில் அக்கா இலக்கத் தகட்டை எழுத வெளியே போனபோது, பிக்கப்பைப் பின்னுக்கு எடுத்து அவரைத் தட்டிவிட்டுப் போனார்கள். இடக்கை மணிக்கட்டு முறிந்தது. அவர் கீழே இருந்தபடியே மணி பார்த்தார். "மூண்டு இருபது. எழுது" என்றார். நான் எழுதினேன். பொலிஸ் வந்தது ஏழு மணிக்கு. பிக்கப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பத்து நாளில் ஒரு கடிதம் வந்தது. இலக்கம் கொடுத்திருந்தோம்.

முறிந்த கை என்னுடையதாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. என் கையெழுத்து, அவருடைய கை.

ஆறு கிழமை நாங்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் போனோம். எனக்கு அப்போது லைசென்ஸ் இல்லை. அந்தச் சித்திரை வைகாசியில், போரின் கடைசி நாட்களில், ஊரில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். வேலை இல்லாத நாள் எல்லாம் நான் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றேன். உன்னையும், மூத்தவளே, தோளில் தூக்கிக்கொண்டு போனேன். சுயாதீன விசாரணை வேண்டும், சுயாதீன விசாரணை வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினேன். அக்காவும் வந்தார், கையில் பிளாஸ்டரோடு. அவர் கத்தவில்லை. தெருவில் போகிற ஆட்களை மறித்து, எங்கே, எப்போது, எத்தனை பேர் செத்தார்கள் என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனி மாதம் பெற்றோல் நிலையத்துக்கு ஒரு கடிதம் வந்தது. உங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்சன் வருவது உங்களுக்குத் தெரியும். அதுபோலப் பொலிஸுக்கும் இருக்கிறது. பொலிஸைச் சேராத ஆட்கள் வந்து, கூப்பிட்டால் வருகிறார்களா, வழக்கைச் சரியாகப் பார்க்கிறார்களா என்று விசாரித்து அந்தக் கவுன்டிப் பொலிஸுக்கு மதிப்பெண் போடுவார்கள். அவர்கள் கிராமத்துக் கடைக்காரர்களைச் சந்திக்க சேர்ச் மண்டபத்துக்கு வரப்போகிறார்கள் என்று கடிதம் சொன்னது.

அடுத்த நாளில் இருந்து பொலிஸ் கார் எங்கள் பம்படியை விட்டுப் போகவில்லை. ஒரு இளம் பொலிஸ்காரி வந்து கதவில் போஸ்டர் ஒட்டினாள். கமராவைத் துடைத்துவிட்டாள். காற்று மெஷினைக்கூட ஒருவர் வந்து பார்த்தார். ஒவ்வொரு நாளும், "எல்லாம் ஓகேயா?" என்று கேட்டார்கள். பிக்கப் மருந்துக்கும் இல்லை.

"பாத்தியே தம்பி," என்றார் அக்கா, போஸ்டரைக் காட்டி. "பொம்பிளை பார்க்க வருகினம் எண்டவுடனை வாசல் முத்தம் கூட்டுகினம். வந்தவை போகட்டும், பிறகு பார் குப்பையை."

அவர் கொப்பியை எடுத்து முதல் பக்கத்தில் இருந்து நல்ல தாளில் திருப்பி எழுதினார். ஒன்றையும் கூட்டவில்லை. பொலிஸ் அரை மணித்தியாலத்தில் வந்த ஒரு நாளும் இருந்தது. அதையும் எழுதினார். "இதை ஏன் அக்கா எழுதுறியள்? அவங்களுக்கு நல்லதெல்லோ" என்றேன். "வந்தவங்கள்தானே" என்றார்.

"நீயும் வருவியோ?" என்று கேட்டார். "காயப்பட்ட ஆள் நீ. என்ரை கொப்பி கொப்பிதான். உன்ரை வாய் வேணும்."

"வருவன் அக்கா."

"என்ன சொல்லுவாய்?"

கை சரியாகி அவர் மறுபடி கார் ஓட்டத் தொடங்கியிருந்தார். ஒரு கிழமை முழுக்க காரில் ஒத்திகை. அவர்தான் இன்ஸ்பெக்சன்காரர். குரலைத் தடிப்பாக்கி, "மிஸ்டர், வாட் ஹாப்பின்ட்?" என்பார். நான் ஆங்கிலத்தில் சொல்வேன். டின் எறிந்தார்கள். மூன்றாம் நாள் வந்தார்கள். வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன். எனக்கு நடவடிக்கை வேண்டும். நாலு வசனம்தான்.

"இன்னொருக்கா."

"எத்தினை தரம் அக்கா? கிளிப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு சொல்லிக் குடுக்கமாட்டினம்."

"கிளிப்பிள்ளை நோ ப்ராப்ளம் எண்டு சொல்லாது."

இருவரும் சிரித்தோம். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

அந்த நாள் வந்தது. சேர்ச் மண்டபத்தில் நீள மேசை, பிஸ்கட் தட்டு, தேத்தண்ணி. இன்ஸ்பெக்சன்காரர் இரண்டு பேர். நரைமுடியோடு ஒரு பெண், கழுத்துப்பட்டி கட்டின ஒரு ஆண். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றவர் அந்தப் பகுதிப் பொலிஸ் சார்ஜன்ட், சீருடையில். எனக்கும் ஒரு கோப்பை ஊற்றித் தந்தார். "சீனி எத்தனை?" என்று கேட்டார்.

அக்கா தாளை வாசித்தார். நாள், மணி, நடந்தது. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அந்தப் பெண் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். அக்கா முடித்ததும் சார்ஜன்ட் மிகப் பணிவாக, தங்கள் பதிவின்படி காயப்பட்டவர் நடவடிக்கை வேண்டாம் என்று கையெழுத்து வைத்திருக்கிறார், அவரும் இங்கேதான் இருக்கிறார் என்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "அப்படியா? உங்களைப் பொலிஸ் எப்படி நடத்தியது?"

நாலு வசனம். நாக்குக்குக் கீழே ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தேன். கோப்பையைக் கீழே வைத்தேன். எழுந்து நின்றேன்.

"பொலிஸ் வெரி குட்," என்றேன். "தே கம். நோ ப்ராப்ளம்."

சீருடையைக் கண்டதும் பயந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பலாம். தப்பவும் விடவில்லை அந்தப் பெண். அவர் பேனாவை வைத்துவிட்டு, சார்ஜன்டைப் பார்த்து, தயவுசெய்து கொஞ்சம் வெளியே இருங்கள் என்றார். சார்ஜன்ட் போனார். கதவு மூடியது. அவர் மறுபடி கேட்டார். மெதுவாக, எனக்கு விளங்கும்படி கேட்டார். "இப்போது சொல்லுங்கள். நீங்கள் திருப்தியாக இருக்கிறீர்களா?"

ஒரு சுயாதீனமான ஆள், ஒரு சாத்திய கதவு, ஒரு நேரான கேள்வி. இதைத்தான் நான் ஒரு மாதத்துக்கு முன்னால் தெருவில் நின்று தொண்டை கிழியக் கேட்டேன். அது என் முன்னால் கதிரை போட்டு இருந்தது.

"யெஸ் மேடம்," என்றேன். "வெரி ஹாப்பி."

அவர் எழுதினார்.

எனக்கு அவர்களிலும் கோபம் உண்டு. தலையில் தழும்போடு ஒருவன் வெரி ஹாப்பி என்றால் எழுதிவிடுவதா? ஒரு நாள் வந்து, பிஸ்கட் சாப்பிட்டு, இரண்டு கேள்வி கேட்டால் ஒரு வருடக் குப்பை தெரிந்துவிடுமா? நாங்கள் எங்கிருந்து வந்தவர்கள், எங்கள் 'ஓம்' எவ்வளவு பயத்தில் வருகிறது என்று படித்தவர்களுக்குத் தெரியாதா? இதையெல்லாம் பல இரவு எனக்குள்ளே பேசியிருக்கிறேன். ஆனால் கேட்டவர் இரண்டு தரம் கேட்டார். அதை மறைக்க எனக்கு ஏலாது.

அறிக்கை மாரி தொடங்கும்போது வந்தது. கிராமப் பகுதிகளில் பொலிஸின் வேலைக்கு நன்று என்று போட்டிருந்தார்கள். உள்ளே, தாங்கள் சந்தித்த கடைக்காரர்கள் பொதுவாகத் திருப்தி தெரிவித்தார்கள் என்ற கருத்தில் ஒரு வரி இருந்தது. நூலகத்தில் இருந்த பெட்டை அச்செடுத்துத் தந்தாள். அந்தத் தாள் எங்கள் பாஸ்போட் வைத்திருக்கிற பெட்டியில் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். கீழே கோடு போட்டிருக்கிறேன். அந்த வரி உங்கள் அப்பா.

அக்கா அதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டார். கை குளிருக்கு நொந்தது, பெட்டி தூக்க முடியவில்லை. நான் அறிக்கையை வாசிப்பித்துக் கேட்ட அன்றே அவருக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, நான் இன்ஸ்பெக்சன்காரருக்குக் கடிதம் எழுதப்போறன். உண்மையை. மணியள் எனக்கு வடிவா ஞாபகமில்லை."

"பேனை இருக்கோ?"

எல்லா மணியும் சொன்னார். நான் எழுதினேன். திருப்பி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஒரு இடத்தில் நிமிடத்தைத் திருத்தினார். பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கா, நான் செய்தது..." என்று தொடங்கினேன்.

"பரவாயில்லை எண்டு நான் சொல்லுவன் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறியோ? சொல்லமாட்டன். பிழை எண்டால் பிழை. கடிதத்தைப் போடு. றிஜிஸ்டர் பண்ணிப் போடு."

போட்டேன். பதில் வந்தது. நன்றி, அறிக்கை வேலை முடிந்துவிட்டது, உங்கள் கருத்தைக் குறித்துக்கொள்கிறோம் என்று. அதுவும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. பிறகு அக்கா மகளோடு இருக்க டென்மார்க் போனார் என்று கேள்வி. காரையும் கொண்டுபோயிருப்பார். அங்கே எல்லாக் காருக்கும் ஸ்டியரிங் இடப்பக்கம்தான், வலப்பக்கத்தில் ஒரு ஆள் தேவையில்லை.

சேர்ச் மண்டபத்தில் இருந்து நாங்கள் திரும்பி வந்ததை நான் இன்னும் சொல்லவில்லை. அதை எழுதப் பயந்துதான் மற்றதை எல்லாம் முதலில் எழுதினேன்.

வெளியே வந்து காரில் ஏறினோம். வெயில் நல்ல வெயில். நான் வழமைபோல வலப்பக்கம் ஏறினேன். அக்கா தாள்களை மடித்துப் பின் இருக்கையில் வைத்தார். என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் நல்லது என்று இருந்தது. ஏசவில்லை. காரை எடுத்தார்.

இரண்டு மைல் போனதும் முன்னால் ஒரு ட்ராக்டர் போய்க்கொண்டிருந்தது. பின்னால் வைக்கோல் பெட்டி இழுத்துக்கொண்டு, நடக்கிற வேகத்தில். நேர்ப் பாதை. நான் கேட்காமலே எட்டிப் பார்த்தேன். எதிரே வெகு தூரத்துக்கு ஒன்றும் இல்லை. நான் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"வரேல்லை அக்கா," என்றேன்.

அவர் வேகத்தைக் கூட்டவில்லை.

"அக்கா, ஒண்டும் வரேல்லை. எடுங்கோ."

இரண்டு கையும் ஸ்டியரிங்கில். கண் வைக்கோல் பெட்டியில். பின்னால் கார்கள் சேர்ந்துவிட்டன. ஒருவன் ஹோன் அடித்தான். பிறகு எல்லாரும் அடித்தார்கள். வைக்கோல் துரும்பு பறந்து வந்து கண்ணாடியில் ஒட்டியது. அவர் துடைப்பானைப் போட்டுத் துடைத்தார். ட்ராக்டரின் பின்னாலேயே ஓடினார், வளைவு வந்தது, மறுபடி நேர்ப் பாதை வந்தது, மறுபடியும் வெறும் பாதை.

"வரேல்லை அக்கா," என்றேன் நான். "சத்தியமா வரேல்லை."